பழைய கம்ப்யூட்டருக்கு ரெண்டு மானிட்டர், எந்த கிராபிக்ஸ் கார்டு? அவசரம்

மேலூர்_பிளக்ஸ்:
அண்ணன்மாரே, டிசைன் பண்ற கம்ப்யூட்டர்ல ரெண்டு மானிட்டர் ஓட்டணும். பழைய சிஸ்டம். 3000 ரூபாய்க்குள்ள எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்? டவுன்ஹால் ரோட்டுல ஒரு கடையில ஒயர் ஒண்ணு குடுத்தாங்க, ரெண்டுலயும் ஒரே படம்தான் வருது. முகூர்த்த சீசன், பேனர் வேலை குமிஞ்சு கிடக்கு.

தெப்பக்குளம்72:
பழசுன்னா எவ்வளவு பழசு தம்பி? கம்பெனி பொட்டியா, அசெம்பிள் பண்ணதா? மானிட்டர் ரெண்டுக்கும் பின்னாடி என்ன சாக்கெட் இருக்கு? அந்த ஒயர் விஜிஏ (நீல சாக்கெட்) ஸ்ப்ளிட்டரா இருக்கும். ஒரு சிக்னலை ரெண்டாப் பிரிக்கும், அவ்வளவுதான். தலைகீழா நின்னாலும் அதுல தனித்தனிப் படம் வராது.

ரேம்_ராசா:
ஜிடி 710 கார்டு போடுங்க, 2 ஜிபி. கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

மூத்த_உறுப்பினர்:
மாடல் எண், பிராசசர், மானிட்டர் சாக்கெட், விண்டோஸ் பதிப்பு. இந்த நான்கையும் எழுதாமல் கேட்பது, நோயாளியைக் காட்டாமல் மருந்து கேட்பது போல. இதை எத்தனை முறை சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு கார்டு சொல்பவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

காளவாசல்_கரண்ட்:
கார்டு எதுவானாலும் மொதல்ல எஸ்எம்பிஎஸ்ஸ (உள்ள கரண்ட் குடுக்கிற பொட்டி) மாத்துங்க. பழைய சிஸ்டம்னாலே அதுதான் காலை வாரும். 450 வாட் ஒண்ணு வாங்கிப் போடுங்க.

மேலூர்_பிளக்ஸ்:
டெல். சின்னப் பொட்டி. ஐ5. ஒரு மானிட்டர் பழைய 19 இஞ்ச், நீல சாக்கெட் மட்டும். புதுசு 22 இஞ்ச், அதுல ஹெச்டிஎம்ஐயும் இருக்கு. சிபியு பின்னாடியும் ஹெச்டிஎம்ஐ மாதிரி ரெண்டு ஓட்டை இருக்கு, ஒயர் உள்ள போக மாட்டேங்குது. துரு பிடிச்சிருக்குமோ?

தெப்பக்குளம்72:
அழுத்தாதீங்க! அது ஹெச்டிஎம்ஐயே இல்ல. கிட்ட போய் டார்ச் அடிச்சுப் பாருங்க. ஹெச்டிஎம்ஐல கீழ் மூலை ரெண்டும் ஒரே மாதிரி ஒடுங்கியிருக்கும். உங்களுதுல ஒரே ஒரு மூலை மட்டும் சரிவா வெட்டியிருந்தா அது டிஸ்ப்ளே போர்ட்ங்கிற வேற சாக்கெட். பொட்டி முன்பக்கம் ஆப்டிபிளக்ஸ்னு போட்டு ஒரு நம்பர் இருக்கும், அதைச் சொல்லுங்க.

மேலூர்_பிளக்ஸ்:
7010. ஆமா, ஒரு மூலைதான் வெட்டு.

மூத்த_உறுப்பினர்:
அப்படியென்றால் கார்டே வேண்டாம். 7010-ல் ஒரு விஜிஏ, இரண்டு டிஸ்ப்ளே போர்ட் மதர்போர்டிலேயே உண்டு. பிராசசர் ஐ5-3470 போல 3-ல் தொடங்கினால் மூன்று மானிட்டர் வரை ஓடும். 2-ல் தொடங்கினால் இரண்டு. இரண்டில் எதுவானாலும் உங்கள் தேவைக்குப் போதும். முதல் பதிவிலேயே மாடலை எழுதியிருந்தால் இழை இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

தெப்பக்குளம்72:
அவர் சொல்றது சரி, சொல்ற விதத்தைக் கண்டுக்காதீங்க. ஸ்ப்ளிட்டரைக் கழட்டிட்டு 19 இஞ்சை நேரா விஜிஏல மாட்டுங்க. 22 இஞ்சுக்கு ‘டிஸ்ப்ளே போர்ட் டூ ஹெச்டிஎம்ஐ’ ஒயர் வாங்குங்க, சில நூறு ரூபாயில முடிஞ்சிரும். ஒயருக்கு திசை உண்டு. சிபியு பக்கம் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டர் பக்கம் ஹெச்டிஎம்ஐ. ‘ஹெச்டிஎம்ஐ டூ டிஸ்ப்ளே போர்ட்’னு எழுதினது இதுக்கு நேர் எதிர், முனை ரெண்டும் பொருந்தும், படம் வராது. கடைக்காரர் ‘ரெண்டும் ஒண்ணுதான்’னு சொன்னா வேற கடை பாருங்க. கழட்டும்போது முனையில இருக்கிற கொக்கி பட்டனை அமுக்கிட்டு இழுக்கணும், இல்லேன்னா சாக்கெட்டோட வந்துரும்.

மாட்டினதும் விண்டோஸ் கீயோட பி அமுக்கி ‘எக்ஸ்டெண்ட்’ குடுங்க. ரெண்டாவது மானிட்டரே தெரியலைன்னா டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே அடாப்டரைப் பாருங்க. அங்க ‘மைக்ரோசாஃப்ட் பேசிக்’னு இருந்தா இன்டெல் டிரைவர் (கிராபிக்ஸை ஓட்டுற சாஃப்ட்வேர்) ஏறல. அது ஏறாம ரெண்டாவது மானிட்டர் வராது.

ரேம்_ராசா:
இருந்தாலும் கோரல், போட்டோஷாப்னா தனி கார்டு இருந்தா நல்லதுதானே? ஜிடி 1030 பாருங்க.

தெப்பக்குளம்72:
1030-ல விஜிஏ கிடையாது. சில மாடல்ல இருக்கிற டிவிஐ சாக்கெட்டும் டிவிஐ-டி வகை, விஜிஏக்கு வேண்டிய அனலாக் சிக்னல் அதுல வராது. தட்டைப் பின்னைச் சுத்தி நாலு ஓட்டை இருக்காது, அதனால விலை கம்மியான டிவிஐ-விஜிஏ மாத்து முனை உள்ளேயே இறங்காது. 19 இஞ்சுக்குத் தனியா கன்வெர்ட்டர் வாங்கணும். ஜிடி 710-க்கு என்விடியா 470 வரிசையோட புது டிரைவரை நிறுத்திட்டாங்க. அதோட இந்தப் பொட்டி எஸ்எஃப்எஃப்னா (சின்ன சைஸ் மாடல்) அரை உயர பிராக்கெட் வேணும். அதுல 710-ஓட விஜிஏ சாக்கெட் ரிப்பன் ஒயர்ல தொங்கி பக்கத்து ஸ்லாட்டையும் அடைச்சுக்கும். பேனர் வேலைக்கு காசைப் போடணும்னா ரேம்ல போடுங்க. ஒரே 8 ஜிபி குச்சியை விட 4+4 நல்லது. போர்டு கிராபிக்ஸ் ரேமைத்தான் எடுத்துக்கும், குச்சி ரெண்டா இருந்து ரெண்டு சேனல் (ரெண்டு வழி) கிடைச்சா அதுக்கும் லாபம்.

காளவாசல்_கரண்ட்:
கார்டு போட்டாலும் போடாட்டியும் டெல்லோட 240 வாட் பத்தாது. மாத்துறது மாத்துறதுதான்.

ரேம்_ராசா:
அண்ணே கணக்குப் பாருங்க. ஐ5-3470 77 வாட். ஜிடி 710 19 வாட். போர்டு, ரேம், டிஸ்க் எல்லாம் சேர்த்தாலும் 240 பக்கம் வராது. அந்தப் பொட்டிக்குள்ள கடை எஸ்எம்பிஎஸ் அடங்கவும் செய்யாது, வடிவமே வேற.

காளவாசல்_கரண்ட்:
450 வாட்டுக்கும் 240க்கும் வித்தியாசம் இல்லேங்கிறீங்களா?

தெப்பக்குளம்72:
எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்ல பெருசா இருக்கிற நம்பரை விடுங்க. 12 வோல்ட் கட்டத்தைப் படிங்க. அதுல 14 ஆம்பியர்னா 168 வாட்தான், மேல 450ன்னு எழுதியிருந்தாலும் சரி. பிராசசரும் கார்டும் குடிக்கிறது அந்த 12 வோல்ட்லதான்.

காளவாசல்_கரண்ட்:
எல்லா லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படின்னு சொல்ல முடியாது.

மூத்த_உறுப்பினர்:
எல்லாம் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்டிக்கரைப் படியுங்கள் என்றுதான் சொன்னார். மேலும் எஸ்எம்பிஎஸ் விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது.

மேலூர்_பிளக்ஸ்:
ரெண்டு மானிட்டர்லயும் தனித்தனிப் படம் வந்துருச்சு. 22-ல டிசைன், 19-ல கோரல் டூல்ஸ். மவுஸ் மட்டும் பழைய மானிட்டருக்குப் போக நடுவுல இடிக்குது. கலரும் ரெண்டுலயும் வேற வேறயா இருக்கு.

தெப்பக்குளம்72:
டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல 1, 2னு ரெண்டு கட்டம் இருக்கும். சின்னதை இழுத்து பெருசோட அடி ஓரத்துக்குச் சமமா வைங்க. தொடாத ஓரத்துல மவுஸ் தாண்டாது. எந்தப் பக்கம் மானிட்டர் மேசையில இருக்கோ கட்டமும் அங்கிட்டே இருக்கணும். கலர் ஒண்ணாக்க மெனக்கெடாதீங்க, பேனர் கலரை 22-ல மட்டும் பாருங்க. 19-ல எழுத்து மங்கலா இருந்தா அதுல இருக்கிற ‘ஆட்டோ’ பட்டனை ஒரு தடவை அமுக்குங்க. எந்த ஒயர் வாங்குனீங்கன்னும் சொல்லிட்டுப் போங்க.

காளவாசல்_கரண்ட்:
என்கிட்ட இருக்கிறதுல 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர்னு போட்டிருக்கு.

ரேம்_ராசா:
192 வாட். டெல்லோட ஸ்டிக்கரையும் படிங்க அண்ணே.