சொந்த மெஷின் ஓடும் கடிகாரம்: அந்த விலைக்குத் தகுமா? உங்கள் அனுபவம் என்ன?

என்னிடம் இரண்டு சுவிஸ் கடிகாரங்கள் உண்டு. ஒன்றில் ஓடுவது ஈடிஏ 2824-2, பல பிராண்டுகளும் வாங்கிப் பொருத்தும் மெஷின். இன்னொன்றின் மூவ்மென்ட்டை, அதாவது உள்ளே ஓடும் மெஷினை, கடிகாரத்தை விற்கும் கம்பெனியே வடிவமைத்துத் தயாரித்தது. இதைத்தான் இன்-ஹவுஸ் என்கிறார்கள். விலை மூன்று மடங்கு.

வித்தியாசமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஈடிஏ முழுதாகச் சுற்றியிருந்தால் சுமார் 38 மணி நேரம் ஓடும். வெள்ளி இரவு கழற்றி வைத்தால் திங்கள் காலை நின்றிருக்கும். மற்றது 70 மணி நேரம் தாங்குகிறது, அது வசதிதான்.

ஆனால் பெரிய வித்தியாசம் தெரிந்தது ரிப்பேரில். ஈடிஏ நேரம் தவற ஆரம்பித்ததும் பாரிமுனைப் பக்கம் பழக்கமான மெக்கானிக்கிடம் கொடுத்தேன். பிரித்துக் கழுவி, ஆயில் போட்டு, தேய்ந்த ஒரு சக்கரத்தையும் தன் டப்பாவிலிருந்தே எடுத்து மாற்றிவிட்டார். விலை உயர்ந்தது நின்றபோது அதே மனிதர் பின்மூடியைத் திறந்து, லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். "சார், வேலை எனக்குத் தெரியும். ஸ்பேர்தான் வெளியில தரமாட்டாங்க. கம்பெனிக்கே அனுப்பிடுங்க." அனுப்பினேன். அது வெளிநாடு போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆனது. பில் தொகைக்கு ஒரு நல்ல ஜப்பான் ஆட்டோமேட்டிக் கடிகாரமே வாங்கியிருக்கலாம்.

அப்புறம்தான் இந்த இன்-ஹவுஸ் மோகத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 2002ல் ஸ்வாட்ச் குழுமத்தின் தலைவர் நிக்கோலஸ் ஹாயெக், அதே குழுமத்தைச் சேர்ந்த ஈடிஏவின் மூவ்மென்ட் பாகங்களை வெளிக் கம்பெனிகளுக்குத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தார். சுவிஸ் போட்டி ஆணையம் தலையிட்டதால் கெடு தள்ளிப்போனது. ஆனாலும் பிராண்டுகளுக்குப் பயம் வந்துவிட்டது. சிலர் மூவ்மென்ட் செய்து விற்கும் இன்னொரு கம்பெனியான செல்லிட்டாவிடம் போனார்கள், வசதி உள்ளவர்கள் சொந்தமாகச் செய்ய இறங்கினார்கள். சப்ளை நின்றுவிடுமோ என்ற கவலையில் போட்ட முதலீட்டை இன்று கௌரவம் என்று சொல்லி நம்மிடம் வசூலிக்கிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

ஏனென்றால் அதற்கு முன் வெளி மெஷின் வாங்கிப் பொருத்துவதை யாரும் பெரிய குறையாக நினைக்கவில்லை. 1972ல் வந்த ஆடமார் பீகே ராயல் ஓக், 1976ல் வந்த படேக் பிலிப் நாட்டிலஸ், இரண்டிலும் ஓடியது ஜாகர் லெகுல்ட்ர் கம்பெனியின் 920 என்ற மெஷினை அடிப்படையாகக் கொண்ட மூவ்மென்ட். ரோலெக்ஸ் டேடோனாவில் 1988 முதல் 2000 வரை ஜெனித் கம்பெனியின் எல் பிரிமெரோ மெஷின்தான், ரோலெக்ஸ் அதை நிறைய மாற்றிப் பயன்படுத்தியது. அந்த டேடோனாக்களைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

*

மேலே கேட்டவருக்கு என் பதில்: எங்கள் வீட்டில் அப்பாவின் எச்எம்டி ஜனதா இருக்கிறது. 17 கல், தினமும் சாவி கொடுக்க வேண்டும். 1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய எச்எம்டி, மூவ்மென்ட்டையும் தானே செய்தது. அதுவும் இன்-ஹவுஸ்தானே? சாதாரணச் சம்பளக்காரர் வாங்கிய விலையில் அது கிடைத்தது. சீக்கோ 5ம் அப்படித்தான். ஆகவே சொந்த மெஷின் என்பதற்காக மட்டும் லட்சங்கள் கேட்டால் நான் தரமாட்டேன். மெஷினின் சக்கரங்களைத் தாங்கும் தகடுகளின் (பாலங்கள் என்பார்கள்) ஓரங்களைக் கையால் சீவிப் பளபளப்பாக்கும் வேலைக்கு, அதைச் செய்யும் ஆளின் நேரத்துக்குக் கேட்டால் தருவேன்.

*

கோவையிலிருந்து எழுதுகிறேன், மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். மேலே எழுதிய இருவரோடும் கொஞ்சம் மாறுபடுகிறேன். என் பழைய கடிகாரத்தில் காந்தம் ஏறிக்கொண்டே இருக்கும். ஓட்டத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருள்வில்லான ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு நாளில் பல நிமிடம் வேகமாக ஓடும். கடையில் கொடுத்துக் காந்தத்தை நீக்கினால் அடுத்த வாரமே மறுபடி ஏறிவிடும். பிறகு ஒமேகாவின் மாஸ்டர் குரோனோமீட்டர் சான்று பெற்ற கடிகாரம் வாங்கினேன். அதன் ஹேர் ஸ்பிரிங் காந்தம் ஏறாத சிலிக்கான், 15,000 காஸ் வலிமையுள்ள காந்தப்புலத்தில் சோதித்து அனுப்புகிறார்கள், நாளுக்கு 0 முதல் +5 வினாடிக்குள் ஓட வேண்டும் என்பது விதி. பட்டறையில் கட்டிக்கொண்டே வேலை செய்கிறேன், தொந்தரவே இல்லை. பொது மெஷின்களில் இது எனக்குக் கிடைக்கவில்லை. கொடுத்த பணத்துக்கு வருத்தமில்லை.

*

முதலில் கேட்டவன் எழுதுகிறேன். கோவை நண்பருக்கு: நீங்கள் சொல்வது சரி. உங்களுக்கு ஒரு தொல்லை இருந்தது, அதைத் தீர்க்கும் மெஷினுக்குப் பணம் கொடுத்தீர்கள். என் கடிகாரத்தை வாங்கும்போது கடையில் காட்டிய படங்களில் அப்படி ஒரு காரணமும் இல்லை. இப்போது வாங்க நினைப்பவர்கள் முழு சர்வீஸுக்கு எவ்வளவு ஆகும், அதை இந்தியாவிலேயே செய்வார்களா என்று பில் போடும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேறு யாராவது இன்-ஹவுஸ் மெஷினை வெளி மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்திருந்தால், எந்த மூவ்மென்ட் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.