வெடுக்கென்று இழுபடும் டைனீமா கயிறு: விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

குழுவினருக்கு வணக்கம். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருக்கும் என் சித்தப்பா, பழுதான படகைக் கட்டி இழுக்க நைலானுக்குப் பதிலாக டைனீமா (மிக வலுவான ஒருவகைப் பாலிஎத்திலீன் இழை) கயிறு வாங்க எண்ணுகிறார். நைலான் அறுவதற்கு முன் 20 விழுக்காட்டுக்கு மேல் நீளும். டைனீமா இழையோ 3, 4 விழுக்காட்டிலேயே அறுந்துவிடும். முகத்துவாரத்தில் அலை தூக்கிப்போட, தொய்ந்து கிடந்த கயிறு சட்டென விறைக்கும்போது, நீண்டு கொடுக்காத கயிற்றின் அதிர்ச்சி முழுவதும் படகில் அதைக் கட்டிய தூணில்தான் இறங்கும். இழுக்கும் வேகம் கூடும்போது இவ்விழையின் வலு ஓரளவு கூடி, நீட்சி குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஒற்றை இழையின் முடிவு, முடிச்சும் பின்னலும் கொண்ட கயிற்றுக்கு அப்படியே பொருந்தாது என்பது என் கருத்து. விற்பனைத் தாளிலோ மெதுவாக இழுத்த அளவு மட்டுமே இருக்கிறது. எடையை விழவிட்டுக் கயிற்றைச் சோதிக்கும் வசதி கடலூர், புதுச்சேரிப் பக்கம் எந்தக் கல்லூரியில் உள்ளது? அதிர்ச்சியைத் தணிக்க டைனீமா கயிற்றின் நடுவே நைலான் துண்டு சேர்ப்பதாயின் எவ்வளவு நீளம் தேவை?