ஒரே நாளில் வாங்கிய இரண்டு எஸ்எஸ்டி: மென்பொருள் ரெய்டில் உங்கள் அனுபவம் என்ன?

சர்வர்க்காரன்:

லினக்ஸின் மென்பொருள் ரெய்டான எம்டியில் ரெய்டு 1, அதாவது ஒரே டேட்டாவை இரண்டு டிரைவிலும் எழுதும் மிரர். ஒரே மாடல், ஒரே தொகுதியில் வந்த இரண்டு எஸ்எஸ்டி. மேலே ஒரு டேட்டாபேஸ், ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும்.

ஸ்மார்ட் விவரத்தை (டிரைவ் தன் நிலையைப் பற்றித் தானே தரும் தகவல்) அவ்வப்போது குறித்து வைப்பது என் பழக்கம். தேய்மான சதவீதம் இரண்டிலும் ஒட்டிக்கொண்டே ஏறியது. யோசித்தால் வியப்பில்லை: மிரர் என்றால் ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும், ஃபிளாஷ் செல்களின் தேய்மானமோ எழுதிய அளவைப் பொறுத்தது. ஆக, ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்று நம்பி வைத்த ஜோடி, ஒரே வேகத்தில் ஒரே எல்லையை நோக்கிப் போகிறது.

ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) கோளாறு இன்னும் மோசம். 2019-இல் சர்வர் தயாரிக்கும் எச்பிஇ நிறுவனம் தன்னுடைய சில எஸ்ஏஎஸ் (சர்வர்களில் வரும் இணைப்பு வகை) எஸ்எஸ்டிகளைப் பற்றி வெளியிட்ட எச்சரிக்கை பலருக்கு நினைவிருக்கும். ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காவிட்டால் 32,768 மணி நேரம் ஓடியதும் டிரைவ் செயலிழந்துவிடும், டேட்டாவையும் மீட்க முடியாது. கிட்டத்தட்ட மூன்றே முக்கால் ஆண்டு. ஒன்றாகவே பவர் கொடுத்த டிரைவ்கள் ஒன்றாகவே போகும். ரெய்டு 1 ஆனாலும், இரண்டு டிரைவ் போனாலும் தாங்கும் ரெய்டு 6 ஆனாலும் அதைத் தாங்காது.

அதனால் தேய்மானம் பாதியைத் தொடும் முன்பே ஒன்றை எடுத்துவிட்டு, வேறு நிறுவனத்தின் புது டிரைவைப் போட்டேன். பழையதை முதலில் ஃபெயில் செய்யாதீர்கள் (பழுதானது என்று குறிக்காதீர்கள்), இது முக்கியம். புதியதை ஸ்பேராக, அதாவது உதிரி டிரைவாகச் சேர்த்து, எம்டியை நிர்வகிக்கும் எம்டிஅட்ம் கட்டளையில் உள்ள ரீப்ளேஸ் வசதியைப் பயன்படுத்தினால், நகல் முடியும்வரை பழையதும் அரேயில் (ரெய்டில் சேர்ந்த டிரைவ்களின் தொகுப்பில்) வேலை செய்துகொண்டே இருக்கும். இடையில் ஒற்றை டிரைவை மட்டும் நம்பி நிற்கும் நிலையே வராது. கழற்றியது டெஸ்ட் மெஷினுக்குப் போய்விட்டது.

அப்புறம், ஒரு டெரா என்று போட்டிருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு லேசாக மாறலாம். புதியது கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் அரே அதை ஏற்காது. பார்டிஷனை ஆரம்பத்திலேயே சற்றுக் குறைத்து வைப்பது நல்லது.

நீங்கள் டிரைவ்களைக் கலந்து போடுகிறீர்களா?

கோப்புக்காவலன்:

கலந்துதான் போடுகிறேன். நான் சொல்ல வந்தது டிரிம் பற்றி, அதாவது அழித்த கோப்புகளின் இடம் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது. என் பொறுப்புக்கு வந்த ஒரு சர்வரில் ரெய்டு 5, எல்லாமே எஸ்எஸ்டி. டிரிம் செய்யும் எஃப்எஸ்டிரிம் கட்டளையைக் கொடுத்தால் 'ஆதரவில்லை' என்று திரும்பிவிடும். டிரைவ்களைத் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே டிரிம் ஏற்பவை.

காரணம் பேரிட்டி, அதாவது ஒரு டிரைவ் போனால் அதன் டேட்டாவைத் திரும்பக் கணக்கிட ரெய்டு 5 சேர்த்து வைக்கும் தகவல். டிரிம் செய்த இடத்தைத் திரும்பப் படித்தால் பூஜ்யம்தான் வர வேண்டும், இல்லையென்றால் பேரிட்டிக் கணக்கு பொருந்தாது. எல்லா டிரைவும் இதில் நம்பத்தக்கவை அல்ல. அதனால் பேரிட்டி உள்ள ரெய்டு 4, 5, 6-க்கு கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இதை இயல்பாகவே நிறுத்தி வைத்திருக்கிறது. திறக்க ஒரு மாட்யூல் அமைப்பு உண்டு, ஆனால் பூஜ்யம் வரும் என்று டிரைவ் தயாரிப்பாளர் உறுதி சொல்லாமல் நான் அதைத் தொடவே மாட்டேன். பேரிட்டி இல்லாத ரெய்டு 1, 10 என்றால் இந்தத் தடை இல்லை. நடுவில் லக்ஸ் என்க்ரிப்ஷன் (லினக்ஸின் டிஸ்க் மறையாக்கம்) இருந்தால் மட்டும் அங்கேயும் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும்.

ரீபில்டு (புது டிரைவில் டேட்டாவை மறுபடி நிரப்புவது) வேகம் பற்றியும் சொல்கிறேன். எம்டியின் இயல்பான உச்ச வரம்பு நொடிக்கு சுமார் 200 எம்பி. எஸ்எஸ்டிக்கு அது குறைவு என்று வரம்பை உயர்த்தினோம். வீட்டு உபயோக வகை டிரைவில் எஸ்எல்சி கேஷ் (வேகமாக எழுத ஒதுக்கிய பகுதி) நிரம்பும்வரை பறந்தது, நிரம்பியதும் ஹார்டு டிஸ்க்கை விடக் கீழே இறங்கிவிட்டது. ரீபில்டு என்பது முழு டிரைவையும் தொடர்ந்து எழுதும் வேலை, பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது.

பேக்கப் பிரியை:

நான் வேறு வழியில் கலந்தேன்: ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்டு டிஸ்க், ரெய்டு 1. ஹார்டு டிஸ்க்குக்கு ரைட்-மோஸ்ட்லி என்று குறி வைத்துவிட்டால் படிப்பதெல்லாம் எஸ்எஸ்டியிலிருந்தே நடக்கும். எழுதுவது மட்டும் மெதுவானதற்காகக் காத்திருக்கும். பிட்மேப்புடன் (இன்னும் ஒத்திசையாத இடங்களின் குறிப்பு) ரைட்-பிஹைண்டு (மெதுவானதில் எழுதி முடியும்வரை காத்திராமல் மேலே போவது) சேர்த்தால் அந்தக் காத்திருப்பும் ஓரளவு குறையும். சர்வர்க்காரன் சொல்கிற டேட்டாபேஸுக்கு இது சரிவராது. படிப்பது அதிகம், எழுதுவது குறைவு என்கிற என் கோப்பு சர்வருக்கு நன்றாகவே ஓடுகிறது. இரண்டும் வேறு வேறு காரணத்தால் பழுதாகிற சாதனங்கள் என்பதால்தான் இந்த ஜோடியைத் தேர்ந்தெடுத்தேன்.