பொதுத்தோட்டத்து மட்குத் தொட்டி: உங்க அனுபவம் என்ன?

மூடியைத் திறந்ததுமே அழுகின முட்டை வாடை. 200 லிட்டர் டிரம், அடியில் நாலே ஓட்டை, அதுவும் அடைச்சுப் போயிருந்தது. கிளறினா வாதாம் இலை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, தகடு தகடா வருது. நடுவுல காத்தே போகலை. அதுக்குக் கீழே பழுப்பா, தடிமனா, கொத்துக் கொத்தா புழு. பக்கத்துல நின்னவர் ஒரு படி சுண்ணாம்பை அள்ளிப் போட்டார். கண்ணு எரியுற நெடி! இன்னும் மூக்குல நிக்குது.

*

சார், அந்த நெடி அம்மோனியா. செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்து (நைட்ரஜன்) காத்துல போச்சு. சுண்ணாம்பு போட்டது தப்பு. புழுவைப் பார்த்துப் பதறினதும் தப்பு. அது கருப்புப் படைவீரன் ஈயோட புழு. வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டுல மொய்க்காது, வேரையும் கடிக்காது. அது பெருகியிருக்குன்னா ஈரம் கூடிப்போச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான். ஒரு வாளி காய்கறிக் கழிவுக்கு ரெண்டு வாளி சருகு. வாதாம், மா இலைன்னா நொறுக்கிப் போடணும். தூங்குமூஞ்சி மரத்துச் சருகு கிடைச்சா அப்படியே போடலாம், பொடி இலை. கைப்பிடி எடுத்துப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது.

*

புழுவெல்லாம் பரவாயில்லைங்க. எங்க பொதுத்தோட்டத்துல மட்கு போட்ட கத்தரிப் பாத்தி முழுக்கக் கோரை, ஊசி ஊசியா. களை பிடுங்கினதைக் கிழங்கோட தொட்டியில போட்டிருக்காங்க. சின்ன டிரம்முல கிழங்கைக் கொல்ற அளவுக்குச் சூடு ஏறாது. நீளம், அகலம், உயரம் மூணும் ஒரு மீட்டராவது இருக்குற குவியல்தான் 55 டிகிரியைத் தொடும். அதுலயும் ஓரத்துல கிடக்கிறது தப்பிச்சுக்கும். கோரையையும் அருகம்புல்லையும் வெயில்ல சருகாகிற வரைக்கும் காய வெச்சிட்டுத்தான் போடணும்.

*

முந்தின பதிவருக்கு: கோரை கண்ணுக்குத் தெரியும், பிடுங்கிடலாம். வேகாத மட்கு தெரியாது. நட்ட மிளகாய் நாத்து அத்தனையும் அடியிலையிலிருந்து வெளுத்து வந்ததை இங்கே பார்த்தோம். பாதி மட்கின சருகை மண்ணோட கலந்தா, அதைச் சிதைக்கிற நுண்ணுயிர் மண்ணுல இருக்கிற தழைச்சத்தை முதல்ல தின்னுடும், செடி பட்டினி.

யாரும் கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். ஒரு பிடி மட்கை ஈரமாக்கி, கவர்ல இறுக்கிக் கட்டி மூணு நாள் வைங்க. திறந்தா மழை மண் வாசம் வரணும். புளிச்சாலோ மூக்கில் ஏறினாலோ இன்னும் ஒரு மாசம் விடுங்க. அடுத்து, 10 முள்ளங்கி விதை மட்குல, 10 சாதா மண்ணுல. அஞ்சு நாள் கழிச்சு எண்ணிப் பாருங்க. மட்குல குறைவா முளைச்சாலோ வேர் நுனி பழுப்பாகியிருந்தாலோ நடவுக் குழியில் போடாதீங்க. மண்ணை மூடுற மூடாக்கா மேல பரப்புங்க, தண்டை ஒட்டாம நாலு விரல் தள்ளி. தயாரான மட்கும் செடித் தொட்டிக் கலவையில் மூணுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். மண்புழு விடணும்னு யாராவது கிளம்பினா, கையை உள்ளே விட்டுச் சூடு இல்லைன்னு பார்த்துட்டு விடச் சொல்லுங்க. 35 டிகிரி தாண்டினா அதுங்க தாங்காது, சித்திரை வெயில்ல மொட்டை மாடித் தொட்டின்னா கேக்கவே வேணாம்.