சனிக்கிழமை இரவுக்கு வேற்றூர்ச் சமையல்: யோசனை தேவை

கனகபுரத்தாள்:
வணக்கம். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு பிட்டு, இல்லாவிட்டால் இடியப்பம் என்றே ஆண்டு முழுவதும் போவதால், சனிக்கிழமைகளில் மட்டும் வேறோர் ஊரின் சாப்பாட்டைச் சமைத்துப் பார்க்கலாமென்று எண்ணுகிறேன். பிள்ளைகள் எதையும் சாப்பிடுவார்கள். மாமிக்கோ பிட்டு இல்லாத இரவு பட்டினி கிடந்த இரவுதான். கிளிநொச்சிச் சந்தையில் கிடைப்பவற்றைக் கொண்டு அவரும் முகஞ்சுளிக்காமல் உண்ணும்படி எதைச் செய்யலாம்?

மாங்குளத்தார்:
பிட்டை அப்படியே வைத்துக்கொண்டு கறியை மட்டும் மாற்றுங்கள், தங்கச்சி. அன்றைக்குக் கறித்தூள் போத்தலை எடுத்து ஒளித்துவைப்பதுதான் முதல் வேலை. செத்தல் மிளகாயையும் மல்லியையும் மற்றச் சரக்குகளையும் வறுத்து ஒன்றாகத் திரித்த அந்தத் தூள் ஒரு கரண்டி விழுந்தாலே எந்த ஊர்க் கறியும் எங்களூர்க் கறியாகிவிடும்.

தென்னிலங்கையின் புளிப்பு மீன்கறியான அம்புல்தியலில் தொடங்கலாம். சூரை மீன் துண்டுகளில், ஊறவைத்து அரைத்த கொறுக்காய்ப்புளியையும் மிளகுத்தூளையும் உப்பையும் பிரட்டி, மண்சட்டியில் ஒரே அடுக்காக அடுக்கி, சிறிது தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் வற்றும்வரை வையுங்கள். அகப்பை போட்டால் மீன் உடையும், ஆகவே சட்டியைத்தான் அசைக்க வேண்டும். துண்டுகள் கறுத்து இறுகிவிட்டால் பதம் சரி. புளிப்பு ஏறியிருப்பதால் மறுநாளும் பழுதாகாது. வறட்டுக் கறி என்பதால் பிட்டுக்குச் சொதியும் வேண்டும்.

குளத்தடியாள்:
அந்தச் சொதியைத் திருநெல்வேலி முறையில் வைக்கலாமே! யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தடித் திருநெல்வேலியை அன்று, தமிழ்நாட்டினதைச் சொல்கிறேன். அங்கே மணமகனுக்குப் படைக்கும் விருந்தாதலால் மாப்பிள்ளைச் சொதி என்பார்கள். எங்களுடையதைப் போல நீர்த்திருக்காது: அவித்த பயற்றம்பருப்பும், இரண்டாம் தேங்காய்ப்பாலில் வெந்த கரட், போஞ்சி, உருளைக்கிழங்கு, முருங்கைக்காயும் சேர்ந்து தடிப்பாக இருக்கும். இஞ்சியையும் பச்சைமிளகாயையும் அரைத்துச் சேர்த்து, முதற்பால் விட்டுக் கொதிக்குமுன் இறக்கி, சூடு சற்றுத் தணிந்தபின் தேசிக்காய் பிழிய வேண்டும். அவர்கள் சோற்றுக்கு, இஞ்சித் துவையலோடு உண்பார்கள். மாமிக்குப் பிட்டோடு கொடுங்கள். மீனோடு சேர்க்காமல் தனியாக ஒரு நாள் செய்தால்தான் அதன் சுவை தெரியும்.

வயல்வாசி:
1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் வன்னியில் நிறைய இருக்கின்றன. அடுத்த ஒழுங்கையில் விசாரித்தாலே, தேங்காய்ப்பூவும் கோதுமை மாவும் குழைத்துச் சுடும் தடித்த ரொட்டியையும் அதற்கேற்ற காரச் சம்பலையும் நேரில் காட்டித் தருவார்கள். அவசர நாளுக்கு அதுவே போதும்.

கனகபுரத்தாள்:
மூவருக்கும் நன்றி. இந்தச் சனிக்கிழமை சொதி. சூரை மலிந்ததும் அம்புல்தியல். கொறுக்காயை இப்போதே வாங்கி வைக்கிறேன்.