பிள்ளைங்க வாசிக்கிறாங்க, ஆனா புரியுதா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

பாம்பன் அக்கா:
2022ல இல்லம் தேடிக் கல்வின்னு அரசு நடத்துன சாயங்கால வகுப்புல தன்னார்வலரா இருந்தப்ப நடந்தது. இன்னும் உறுத்துது. நாலாங்கிளாஸ் பையன். பத்தியை நானே எழுதியிருந்தேன்: “அதிகாலையில் மாரி படகில் கடலுக்குச் சென்றார். மாலையில் கூடை நிறைய மீனோடு கரை திரும்பினார்.” மாரி எப்போது கரை திரும்பினார்னு கேள்வி. தடங்கலே இல்லாம வாசிச்சவன், “மறுநாள் காலையில்”னு எழுதியிருந்தான். தப்புன்னு பெருக்கல் குறி போட்டேன். நோட்டை என் பக்கமே திருப்பி வச்சு, “காலையில போன போட்டு அன்னைக்கே எப்படி மிஸ் வரும்?”னு கேட்டான். அவங்கப்பா ராமேஸ்வரம் விசைப்படகுல போறவரு. அது மறுநாள்தான் கரைக்கு வரும்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சும் பெருக்கலை அடிக்கல. அதுக்கப்புறம் அவன் எந்தக் கேள்விக்கும் பத்தியைப் பாக்கல, என் மூஞ்சியத்தான் பாத்தான்.

மண்டபத்துக்காரன்:
அக்கா, நீங்க போட்டது சரிதான். பத்தியில “மாலையில்”னு இருக்கு, அவன் அதை வாசிக்கல, அவ்வளவுதான். எங்க அக்கா மகனும் இதே கேஸ். பாம்பன் பாலத்தைப் பத்தி ஒரு பத்தி, 1914ல திறந்தாங்கன்னு முதல் வரியிலேயே இருக்கு. இவன் 2025னு எழுதிட்டு வந்தான். ஏன்டான்னா, “திறந்தப்ப நான் போய்ப் பாத்தேன்ல மாமா”ங்கிறான். பாத்தது நிசம்தான், ஏப்ரல்ல புதுப் பாலம் திறந்தன்னைக்கு என் தோள்ல உக்காந்துதான் பாத்தான். அதுக்காக மார்க் போட முடியுமா? பரிச்சையில கேக்குறது பத்தியில இருக்கிறதை.

கீழக்கரை உம்மா:
என் மகன் இங்கிலீஷ் மீடியம், மூணாவது. நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிப்பான். அவங்க வாப்பா துபாய்லேர்ந்து வீடியோ கால்ல கேட்டு அப்படியே பூரிச்சுப் போவாரு. ஒரு நாள் ராத்திரி கதை ஒண்ணு வாசிச்சு முடிச்சான். அந்தப் பிள்ளைக்கு என்னம்மா ஆச்சுன்னு தமிழ்லதான் கேட்டேன். “நாய்க்குட்டி தொலைஞ்சு போச்சு, அழுவுது”ன்னான். சந்தோசம். ஏதோ தோணுச்சு, அடுத்த பக்கத்துல படத்து மேல என் கையை வச்சு மறைச்சுக்கிட்டு வாசிக்கச் சொன்னேன். கடகடன்னு வாசிச்சான். இப்ப என்ன ஆச்சுன்னேன். என் விரலை ஒவ்வொண்ணாத் தூக்கப் பாத்தான். இத்தனை நாளா படத்தைப் பாத்துத்தான் கதை சொல்லியிருக்கு புள்ள. அவங்க வாப்பாகிட்ட நான் இன்னும் சொல்லல.

ஏர்வாடி டீச்சர்:
பிள்ளைங்க வாசிப்பைச் சோதிக்கிற ஏசர் கணக்கெடுப்புத் தாள்ல எழுத்து, சொல், பத்தி, ரெண்டாம் வகுப்புத் தரக் கதைன்னு படிப்படியா சத்தமா வாசிக்க வைப்பாங்க. அதை வச்சு எங்க கிளாஸ்ல பாத்தப்ப ஒரு பொண்ணு கதை வரைக்கும் வந்துட்டா. அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சதுலயும் அவ மேல்படி, மலர். நிம்மதியா இருந்தேன். ஒரு மத்தியானம் பாடத்துல “எனினும் அவள் அழவில்லை”ன்னு ஒரு வரி வந்துச்சு. வாசிச்சுட்டுக் கையைத் தூக்குனா. “டீச்சர், எனினும்ங்கிறது யாரு? இவளோட அக்காவா?”

சிரிச்சுட்டேன். கிளாஸே சிரிச்சுது. வீட்டுல யாரு எனினும்னு பேசுறா? ஆகவே, ஆயினும், எனவேன்னு புத்தகத்துல மட்டும் உயிரோட இருக்கிற சொல்லெல்லாம் இந்தப் பிள்ளைங்களுக்கு அந்நிய ஆளுங்கதான். அதுக்கப்புறம் அவளுக்குக் கை தூக்க மனசு வரல. மண்டபத்துக்காரரே, அந்தப் பையன் வாசிக்கலைன்னு சொல்றது லேசு. அவன் வாசிச்சான், தனக்குத் தெரிஞ்சதோட மோதிப் பாத்தான், ஒத்துவரல. பெரியவங்க நாம பேப்பர் படிக்கிறதே அப்படித்தானே?

மண்டபத்துக்காரன்:
டீச்சர், மோதிப் பாத்தவன் “பத்தியில தப்பா இருக்கு மிஸ்”னு முதல்லயே சொல்லணும்ல? பதிலை மாத்தி எழுதிட்டு, பெருக்கல் விழுந்தப்புறம் சொன்னா?

ஓய்வு தலைமையாசிரியர்:
34 வருடப் பணி. என் வகுப்பில் ஒரே ஒரு பையன் எழுந்து நின்று “வாசிச்சேன், புரியல சார்” என்றான். திமிர் என்று நினைத்து அடித்துவிட்டேன்.

அது இருக்கட்டும். பெற்றோருக்குச் சில யோசனைகள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்துவிடும். அதனால் ஒரே பத்தியை மூன்று முறை வாசிக்கட்டும்: முதலில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், பிறகு சேர்ந்து, பிறகு அவனே தனியாக. கேள்வியும் ஒரே மாதிரி கேட்கக் கூடாது. “மாரி எப்போது வந்தார்” என்பதற்கு விடை வரியிலேயே இருக்கிறது; விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். “அன்று கடல் எப்படி இருந்திருக்கும்” என்றால் கூடை நிறைய மீன் என்பதிலிருந்து ஊகிக்க வேண்டும். “நீயாக இருந்தால்?” என்பதற்குப் பிள்ளைதான் விடை. மூன்றையும் கலந்து கேட்டால், எதற்குப் பத்தியைப் பார்ப்பது, எதற்குத் தன்னைப் பார்ப்பது என்று அவனுக்கே பிடிபடும். அந்தப் பையனிடம் “பத்தியில் என்ன இருக்கிறது, உங்கள் அப்பா என்ன செய்வார்” என்று இரண்டையும் கேட்டிருந்தால் இந்தச் சண்டையே இல்லை. தெரியாத சொல் வந்தால் உடனே பொருள் சொல்லாதீர்கள், முன்பின் வரியை வைத்து ஊகிக்கட்டும். பள்ளிகளுக்கு அரசு தந்த வாசிப்பு இயக்கக் கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படி வைத்துப் போட்டிருக்கிறார்கள். பிள்ளையின் நிலைக்கு ஒரு படி கீழே தொடங்குங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். வாசித்த கதையை, அதை வாசிக்காத ஒருவரிடம் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். பாட்டி போதும்.

தங்கச்சிமடம்:
நான் அஞ்சாவதோட நின்னவன். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும், ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், வீட்டுலதான். வலையைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தப்ப மூணாவது படிக்கிற மக பக்கத்துல உக்காந்து சத்தமா வாசிச்சா. ஆமை கரையேறி முட்டை போட்டுட்டுப் போற கதை. நாங்க அதைப் பங்குனி ஆமைன்னுதான் சொல்வோம். அதனால சும்மா கேட்டேன், எந்த மாசம்னு போட்டிருக்கான்னு. “போடலைப்பா”ன்னா. நான் வலையில கையை வச்சுட்டேன். அவ விடல. முதல்லேர்ந்து முணுமுணுன்னு வாசிச்சா. கொஞ்ச நேரம் கழிச்சு, “பனி பெய்த இரவுன்னு இருக்குப்பா, அப்ப தை மாசியா இருக்கும்”ன்னா. எனக்கு ஊசி கையிலயே நின்னுபோச்சு. அந்தக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாதுல்ல, அதான் தேடிட்டா போல.

கீழக்கரை உம்மா:
அண்ணே, அந்தப் புத்தகம் பேரு என்ன? படம் கம்மியா இருந்தா நல்லது.

தங்கச்சிமடம்:
அட்டை இல்லம்மா, கிழிஞ்சுபோச்சு. பள்ளிக்கூடத்துல குடுத்தது.

பாம்பன் அக்கா:
தலைமையாசிரியர் சார், ரெண்டு கேள்வி கேக்கிற யோசனை அன்னைக்கே யாராவது சொல்லியிருக்கலாம். அது சரி, நீங்க அடிச்ச பையன் என்ன ஆனான்?

ஓய்வு தலைமையாசிரியர்:
உச்சிப்புளியில் ஆட்டோ ஓட்டுகிறான். பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் வைப்பான். நான் நடந்தே போய்விடுவேன்.