சாயல்குடிப் பனங்காட்டுக் குடும்பங்களின் கதைகளைப் பதிவு செய்ய உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கம் பனங்காட்டுக்குள்ளேயே முதன்முதலில் குடிசை போட்டுத் தங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்து வருகிறேன்.

தாத்தா விடியுமுன் மரம் ஏறுவார். புளிக்காமலிருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது அப்பத்தா வேலை. இறக்கிய பதநீரை விடிலியில், அதாவது காட்டுக் குடிசையில், ஓலை எரித்துக் காய்ச்சி, பாகு பதத்துக்கு வந்ததும் கருப்பட்டியாக உறையக் கொட்டாங்கச்சியில் ஊற்றுவதும் அவர்தான். பதம் தப்பினால் அன்றைய உழைப்பு முழுக்கப் போச்சு. இதைச் சொல்லும்போது இன்றும் அவர் கை தானாகப் பாகு கிண்டும் துடுப்பைப் போடுகிறது!

சரி, உதவி இதுதான். கடலாடி, சாயல்குடி, நரிப்பையூர்ப் பக்கம் இப்படிக் காட்டில் வாழ்ந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், நேரில் வருகிறேன். குறிப்பாகப் பெண்கள். மரம் ஏறியவர்களைப் பற்றியாவது யாராவது பேசுகிறார்கள், அடுப்படியில் வெந்தவர்களை யாரும் கேட்பதில்லை. அப்புறம், காற்றிரைச்சல் இல்லாமல் வெளியில் பதிவு செய்வது எப்படி? அப்பத்தா திண்ணையை விட்டு உள்ளே வர மாட்டேன் என்கிறார். பனையோலைச் சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்கவில்லை.